உப்பில்லாத வெள்ளிக்கிழமை

மகள் மேல்படிப்புக்கு அயர்லாந்து போன முதல் வருடம், ஒரு சனிக்கிழமை காலை வீடியோவில் கூப்பிட்டாள். தலையில் வலைத்தொப்பி. முன்னால் உரித்துப் போட்ட உருளைக்கிழங்குத் தோல் குவிந்து கிடந்தது. எங்கள் வீட்டில் குடித்த காபித் தம்ளரைக்கூடக் கழுவி வைத்தறியாத பெண் அவள்.

“எங்கட்டி இருக்க?” என்றேன்.

“ரிட்ரீட் ஹவுஸ்ம்மா. கிறிஸ்டியன்ஸ் வந்து தங்கி ப்ரே பண்ற இடம். வீக்எண்ட்ல கிச்சன்ல ஹெல்ப் பண்றேன். வர்றவங்க மூணு நாள் பேசவே மாட்டாங்க. நாம சமைச்சு வைக்கணும், அவங்களே எடுத்துச் சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க. சூப்பரா இருக்கும்மா. உனக்கும் பிடிக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. பேசாமல் சாப்பிட்டு எழுந்து போகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவதில் என்ன சூப்பர்? இங்கே அமீரகத்தில், புஜைராவில் இத்தனை வருடமாக நான் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்? என் வீட்டுக்காரருக்கு எண்ணெய்க் கிடங்கில் ஷிஃப்ட் டூட்டி. வருவார், சாப்பிடுவார், தூங்குவார். எப்படி இருந்தது என்று நானாகக் கேட்டால் “நல்லாருந்துச்சே” என்பார். மகளும் போன பிறகு வீட்டில் பேசுவதற்கு ஏசி ஒன்றுதான் மிச்சம்.

இந்தப் புலம்பலை நான் அவிழ்த்துவிட்டது சூப்பர் மார்க்கெட்டில், கறிவேப்பிலைக் கட்டுகளுக்கு முன்னால், மகளின் பழைய டீச்சரிடம். புஜைராத் தமிழர்களுக்கு டீச்சர் என்றால் அவர் ஒருவர்தான். தூத்துக்குடிக் கடற்கரைக் கத்தோலிக்கர். கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறார். இந்தியப் பள்ளியில் ஓய்வு பெற்றுவிட்டாலும் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. அவர் “ஏய்” என்றால் பக்கத்துத் தெருவில் பையன்கள் சட்டைப் பொத்தானைப் போடுவார்கள்.

நான் சொன்னதைக் கேட்டு டீச்சர் கடை அதிரச் சிரித்தார். “உருளைக்கிழங்கு உரிக்க அயர்லாந்துக்கா போவணும்? நம்ம கோயிலுக்குப் பின்னாலயும் ஒரு தியான இல்லம் இருக்கு. வெங்காயம் உரிக்க ஆளில்லாம நான் கெடந்து சாவுதேன். நாளைக்கு வந்திருங்க.”

மகளைக் குறை சொன்ன வாயோடு நான் மறுநாள் போய் நின்றேன்.

தேவாலய வளாகத்தின் பின்பக்கம், மலையைப் பார்த்த மாதிரி ஒரு மாடிக் கட்டடம். மேலே தங்கும் அறைகள், கீழே சாப்பாட்டுக் கூடம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே, தட்டுகளை வாங்கவும் கொடுக்கவும் ஒரு ஜன்னல். அல் ஐனிலிருந்தும் அபுதாபியிலிருந்தும் தமிழ்க் கத்தோலிக்கர்கள் தியானத்துக்கு வருவார்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் உண்டு. ஆனால் பாதிப் பேருக்கு மேல் லேபர் கேம்ப்புகளிலிருந்து லீவு கேட்டு வாங்கி வருகிறவர்கள். வாசலில் செல்போனைக் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தால் அவர்களுக்கும் மூன்று நாள் பேச்சு கிடையாது.

சமையலறையில் நிரந்தரமாக நாங்கள் மூன்று பேர். மூன்றாமவர் காயல்பட்டினத்து பாய். துறைமுகத்துப் பக்கம் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவர் பிள்ளைகள் எல்லாரும் டீச்சரிடம் படித்தவர்கள். அந்த மரியாதைக்குத் தன் பெரிய பாத்திரங்களையும் அடுப்பையும் எடுத்துக்கொண்டு தானும் வந்துவிடுவார். நான் திருநெல்வேலி. எங்கள் மூன்று ஊரையும் ஒரே பஸ்ஸில் ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். ஊரில் இருந்தவரை நாங்கள் மூவரும் ஒரே அடுப்பங்கரையில் நின்றிருப்போமா என்பது சந்தேகம்தான்.

முதல் நாளே நான் திட்டு வாங்கினேன். அயர்லாந்தில் அவரவரே எடுத்துக்கொள்ளும் வழக்கம் என்று மகள் சொல்லியிருந்தாள். டீச்சரிடம் அந்தக் கதை நடக்காது. உட்கார வைத்துப் பரிமாற வேண்டும். எனக்குச் சொல்லவா வேண்டும்? சாம்பார் வாளியோடு இறங்கி, “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க, கூச்சப்படாதீங்க, இதென்ன கோழி கொத்துற மாதிரி” என்று ஒவ்வொருவரிடமும் ஆரம்பித்துவிட்டேன். பேசா விரதத்தில் இருக்கும் மனிதர்கள் பாவம், வேண்டும் என்றும் சொல்ல முடியாமல் வேண்டாம் என்றும் சொல்ல முடியாமல் விழித்தார்கள். டீச்சர் என் முந்தானையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்தார்.

“மவுன தியானத்துல வந்து பட்டிமன்றம் நடத்துதீங்களே! வாயத் தெறக்காமப் போடுங்க.”

“கேக்காம எப்படி டீச்சர் போட?”

அவர் வாளியிலிருந்த கரண்டியை எடுத்து என் கையில் திணித்தார். “கரண்டியோட போயி நில்லுங்க. தட்டைப் பாருங்க. வேணும்னா தட்டை நகத்துவாவ. வேண்டாம்னா கையால மறைப்பாவ. அது வரைக்கும் நகராதீங்க.”

அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கம். கரண்டியோடு நிற்பது, தட்டைப் பார்ப்பது. சொல்லிப் பரிமாறுவதைவிட இது கஷ்டம். வாய் உபசாரத்தைத் தட்டைப் பார்க்காமலே செய்துவிடலாம். பேசாமல் நின்றால் பார்த்தே ஆக வேண்டும். சோறு குறைந்திருக்கிறதா, கறியை ஒதுக்கி வைத்திருக்கிறாரா, கை தயங்குகிறதா என்று எல்லாம் தெரியும்.

டீச்சருக்கு இன்னும் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, உப்பு அவர் கையால்தான் விழ வேண்டும். முன்பொரு தியானத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு கை போட்டு ரசம் கடல் தண்ணீர் ஆகிவிட்டதாம். எல்லாம் கொதித்து அடங்கிய பிறகு கடைசியாக அவர் வந்து உப்பு ஜாடியைத் திறப்பார். இரண்டு, சாப்பாட்டு மேஜையில் உப்பு வைக்கக் கூடாது. “என் சமையலுக்கு மேசையில உப்பு வைக்கிறது, என் மூஞ்சில கரியப் பூசுறதுக்குச் சமம்” என்பார். அந்தக் கர்வம் எனக்குப் பிடித்திருந்தது. சமைக்கிறவளுக்குக் கர்வம் வேண்டாமா?

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த சமையலறைக்குத்தான் போன தவக்காலத்துக்கு முன்னால் வினை வந்தது. தியானங்களை நடத்துகிற கமிட்டிக்கு ஒரு தலைவர் உண்டு. கப்பல் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர். நாங்கள் கமிட்டி சார் என்போம். கெட்டவர் இல்லை, எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று கவலைப்பட்டே முடியைக் கொட்டிக்கொண்டவர். சமையலறையை மூடிவிட்டு, கேட்டரிங் கம்பெனியிலிருந்து டப்பாவில் சாப்பாடு வாங்கிவிடலாம் என்றார் அவர்.

“உங்களுக்கு முட்டி வலி டீச்சர். ஹெல்ப்புக்கும் ஆள் வர்றதில்லை. டப்பான்னா சுத்தம், டைமுக்கு வரும், சாப்பிட்டுத் தூக்கிப் போட்டா கலாஸ், வேலை முடிஞ்சது.”

“சார், இங்க வர்றதுல பாதிப் பேரு கேம்ப்ல கெடக்கறவங்க,” என்றார் டீச்சர். “வருசம் பூரா டப்பாவத் தொறந்துதான் சாப்பிடுதாவ. ஆண்டவர் வீட்டுக்கு வந்தும் டப்பாவா?”

பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தவக்காலத் தியானம் ஒன்றை மட்டும் நாங்கள் சமைப்பது. குறை சொல்ல இடமில்லாமல் அது நடந்தால் சமையலறை இருக்கும். இல்லையென்றால் அடுத்த தடவையிலிருந்து டப்பா. டீச்சர் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் வந்ததை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும் ரமலானும் ஒன்றாக வந்தன. நோன்பு மாதத்தில் டூட்டி நேரம் குறைவு, லீவு கிடைப்பது சுலபம் என்பதால் தியானத்துக்கு நல்ல கூட்டம். பாய்க்கும் பகலில் கடை மூடியிருக்கும். தொடங்கிய நாள் வெள்ளிக்கிழமை. தவக்கால வெள்ளி என்பதால் டீச்சருக்கு ஒருசந்தி. சாயங்காலம் சிலுவைப்பாதை ஜெபம் முடிகிற வரை பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாயில் படாது. பாய்க்கு நோன்பு, அவருக்கு அந்தத் தண்ணீரும் கிடையாது. எனக்கு விரதம் ஒன்றும் இல்லை, ஆனால் நான் சைவ வீட்டுக்காரி. சாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் நாக்கில் வைத்துப் பார்த்தால் அது எச்சில் என்று வளர்ந்தவள். தேவாலயத்துச் சமையலறையில் நான் எந்தச் சாமிக்குக் காட்டப் போகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். ஆனாலும் கரண்டி நாக்குப் பக்கம் போகாது. கொதிக்கிற மணத்திலேயே உப்பு சொல்லிவிடுவேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

ஆக, அத்தனை பேருக்குச் சமைக்கிற அடுப்பைச் சுற்றி நின்ற மூன்று பேரில் ஒருவர்கூட ருசி பார்க்க மாட்டோம். இது எங்கள் மூவருக்கும் நன்றாகத் தெரியும். இதில் ஏதோ ஆபத்து இருக்கிறது என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குச் சோறு, முருங்கைக்காய் சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், ரசம், மோர். தவக்காலம் என்பதால் அப்பளமும் ஊறுகாயும் வேண்டாம் என்று டீச்சரே சொல்லிவிட்டார். ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிறது என்று பாய் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார். டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உப்பு ஜாடியின் மூடியைத் திறந்தார். சரியாக அந்த நேரத்தில் கமிட்டி சார் பின்வாசலில் வந்து கூப்பிட்டார்.

அவரோடு கேட்டரிங் கம்பெனி ஆள் ஒருவர். கையில் மாதிரிக்குக் கொண்டுவந்த டப்பாக்கள். “இடத்தைச் சும்மா பாத்துட்டுப் போகட்டும் டீச்சர்,” என்றார் சார்.

டீச்சர் வாசலுக்குப் போனார். பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. தியானக் கூடத்தில் இருந்தவர்களுக்கும் பாதி கேட்டிருக்கும். “தியானம் முடியறதுக்குள்ள பாடை கட்ட ஆள் கூட்டிட்டு வந்துட்டீங்களா?” என்பது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் உள்ளே சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தேன். உப்பு ஜாடி திறந்திருந்தது. டீச்சர் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று நினைத்து, ஈரம் படக்கூடாதே என்று மூடி வைத்தேன். கரிசனத்தோடு மூடினேன், அதுதான் வேடிக்கை.

மணி அடித்தது. டீச்சர் முகம் சிவக்கத் திரும்பி வந்தார். ஜாடி மூடியிருந்தது. நான் கரண்டியோடு நின்றேன். அவர் இல்லாததால் நானே போட்டுவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். அதற்காக என்னைத் திட்டவும் அவருக்கு நேரமில்லை. “யல்லா, சீக்கிரம் எடுங்க,” என்றார்.

பரிமாறினோம். கூடத்தில் தட்டுச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. நான் கரண்டியோடு போய் நின்று ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன். ஒருவர் இருவர் முதல் வாய்க்குப் பிறகு கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள். ஜெபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். சிலர் தட்டை நகர்த்தி மறுபடியும் வாங்கினார்கள். கமிட்டி சார் மெதுவாக, தலை நிமிராமல் சாப்பிட்டார். எல்லாத் தட்டுகளும் துடைத்த மாதிரி ஜன்னலுக்குத் திரும்பி வந்தன.

“பாத்தீங்களா,” என்றார் டீச்சர். அவர் குரலில் காலையிலிருந்து இல்லாத தெம்பு வந்திருந்தது. “ஒரு பருக்கை மிச்சமில்ல. டப்பாக்காரன் வந்து பாக்கட்டும்.”

எல்லாம் முடிந்து நான் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வாய் வைத்தேன். பொரியலைத் தொட்டேன். ரசத்தை உறிஞ்சினேன். பிறகு டீச்சரைப் பார்த்தேன். அவருக்கு என் முகமே போதுமாயிருந்தது.

“நீங்க போடலியா?” என்றார்.

“நீங்க போடலியா?” என்றேன்.

அப்படியே பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சமையலறைச் சுவரில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. தியானக் கூடத்தில் நடப்பது எங்களுக்கும் கேட்கும். அந்த நேரம் பார்த்துத் தியானம் கொடுக்க ஊரிலிருந்து வந்திருந்த பாதர் மதியப் பிரசங்கத்தை ஆரம்பித்தார். “இன்று நமக்கு ஒரு சிறப்பான ஒறுத்தல் கிடைத்தது,” என்றார். உப்பைத் துறந்த உணவின் வழியே சமையலறைச் சகோதரிகள் நமக்குத் தவத்தின் பொருளை உணர்த்தினார்கள் என்றார். அவர்கள் வேதத்தில் உப்பைப் பற்றி நிறையவே இருக்கும் போலிருக்கிறது. பாதர் ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னார். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல டீச்சர் இன்னும் இன்னும் குறுகினார்.

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. “சிரிக்காதட்டீ,” என்றார். அதுவரை என்னை வாங்க போங்க என்று பேசியவர் முதல் தடவையாக ஏட்டி போட்டது அன்றுதான்.

பிரசங்கம் முடிந்ததும் கமிட்டி சார் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. “டீச்சர், உண்மையாச் சொல்றேன், முதல் வாயில எனக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் புரிஞ்சது. கேட்டரிங்காரனுக்கு இது தோணுமா? கிச்சன் இருக்கட்டும். கமிட்டில நானே பேசிக்கிறேன்.” டீச்சர் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டார்.

தொழுகை முடிந்து வந்த பாய் முழுக் கதையையும் கேட்டார். சிரித்த சிரிப்பில் அவருக்கு நாக்கு வறண்டுபோயிற்று. தண்ணீரும் குடிக்க முடியாது. “உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. உப்பு போடாதவங்களை இந்த ஜனம் அதுக்கும் மேல நெனைக்கும் போல. டீச்சர், வாயை மூடிட்டுச் சும்மா இரிங்கோ. கிச்சன் பொழச்சுது.”

நானும் அதையேதான் சொன்னேன். நாம் பொய் சொல்லவில்லையே, அவர்களாக நினைத்துக்கொண்டதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்றேன். டீச்சர் சாயங்காலம் வரை காலிப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தார். இந்தச் சமையலறை அவருக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவர் பேசாமல் இருந்துவிடுவார் என்று நம்பினேன்.

சிலுவைப்பாதை முடிந்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு பாயின் நோன்புக்கஞ்சி. வெள்ளிக்கிழமை என்பதால் கறி போடாமல், தேங்காய்த் துவையலோடு. பாங்கு சொன்னதும் பாய் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கஞ்சியை ருசி பார்த்தார். “உப்பு இருக்கு,” என்று இரண்டு தடவை சொன்னார். டீச்சரும் ஒரு கரண்டி குடித்து ஒருசந்தியை முடித்தார். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்குள் போனார்.

எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பேசக் கூடாத கூடத்தின் நடுவில் நின்று டீச்சர் தன் வகுப்பறைக் குரலில் பேசினார்.

“மவுனத்தக் கலைக்கேன், மன்னிச்சிருங்க. மத்தியானம் சாப்பாட்டுல உப்பில்லாதது தவம் இல்ல. உப்பு போடுறது என் வேல. நான் மறந்துட்டேன். நீங்க அதப் பெரிய மனசு பண்ணிச் சாப்பிட்டுட்டீங்க. செய்யாத தவத்துக்கு எனக்குப் பேரு வேண்டாம். இப்பம் கஞ்சில உப்பு சரியா இருக்கு. வயிறாரச் சாப்பிடுங்க.”

ஒரு மூலையிலிருந்து யாரோ ‘புஸ்’ஸென்று சிரித்தார்கள். அது பக்கத்து மேஜைக்குப் பரவியது. கடைசியில் கூடமே சிரித்தது. பாதர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கமிட்டி சார் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதர் மணியை அடித்தார், மறுபடியும் மவுனம்.

நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். டீச்சர் பேசியதில் எனக்குப் பெரிதாகப் பட்டது அவர் சொல்லாமல் விட்டதுதான். உப்பு போடும் நேரத்தில் தன்னைக் கூப்பிட்டது கமிட்டி சார்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஜாடியை மூடியதைச் சொல்லியிருக்கலாம். அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. கோபக்காரி, அடம் பிடிக்கிறவர், வாய் நீளம். ஆனால் அவருக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்ததில் எனக்கு அன்று பெருமையாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

மறுநாள் முழுக்கக் கமிட்டி சார் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முடிந்தது கதை என்று நினைத்தோம். பாய்கூட ஜோக் அடிக்கவில்லை. டீச்சர் மட்டும் வழக்கம்போல அதட்டினார். “கடைசித் தடவன்னாலும் சோறு கொழையக் கூடாது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு முன்னால் மவுனம் முடிந்தது. விருப்பமானவர்கள் எழுந்து தியானத்தில் தாங்கள் பெற்றதைச் சொல்லலாம். நாங்கள் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே வேலை செய்தோம். ஜெபத்தைப் பற்றிச் சொன்னார்கள், குடும்பத்தைப் பற்றிச் சொன்னார்கள். பிறகு ஒருவர், குரலில் நடுவயது, சிவகங்கைப் பக்கத்துப் பேச்சு, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

“நான் டேங்க் யார்டுல சாரம் கட்டுற வேலைங்க. எனக்குப் பெருசா ஒண்ணும் பேசத் தெரியாது. அந்தச் சாப்பாட்டப் பத்தி ஒண்ணு சொல்லணும். வாயில வச்ச ஒடனே உப்பில்லன்னு தெரிஞ்சுபோச்சுங்க. தவம்னெல்லாம் நான் நெனைக்கல. மறந்துட்டாங்க போலன்னுதான் நெனச்சேன். ஆனா ஒரு அம்மா கரண்டியோட வந்து என் தட்டப் பாத்துக்கிட்டே நின்னாங்க. கேம்ப்ல டப்பா கதவோரமா இருக்கும், எடுத்துக்கிட்டுப் போயிருவோம். எனக்கு இன்னும் வேணுமா, போதுமான்னு ஒருத்தவுங்க நின்னு பாத்து ரொம்ப நாளாச்சுங்க. அவங்க அப்படி நிக்கறப்ப கையால மறைக்க மனசு வரல. ரெண்டாவது தடவையும் வாங்கிச் சாப்புட்டேன். அவ்வளவுதாங்க.”

கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு நான் அழுதேன். வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது. டீச்சர் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் கமிட்டி சார் பின்வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“வெள்ளிக்கிழமை நான் வந்து கூப்பிடலைன்னா நீங்க உப்பு போட்டிருப்பீங்க. அதை ஏன் டீச்சர் சொல்லல?”

“கூப்பிட்டது நீங்க. மறந்தது நான்தான சார்.”

சார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கேட்டரிங் வேண்டாம்னு சொல்லிட்டேன். கிச்சன் நீங்களே நடத்துங்க. ஆனா ஒரு கண்டிஷன். இனிமே ஒவ்வொரு மேஜைலயும் உப்பு இருக்கணும்.”

டீச்சரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! சமையலறை கிடைத்துவிட்டது, கர்வம் போய்விட்டது. “சரி,” என்றார் கடைசியில். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதைவிட அவருக்கு மூன்று நாள் ஒருசந்தி இருப்பது சுலபமாக இருந்திருக்கும்.

அன்றே நான் இன்னொன்றையும் தீர்மானித்தேன். டீச்சருடையது ஒருசந்தி, பாயுடையது நோன்பு. இரண்டும் சாமிக்குக் கொடுத்த வாக்கு. என்னுடையது வெறும் வழக்கம். மூவரில் யாராவது ஒருவர் நாக்கை நீட்ட வேண்டும் என்றால் அது நான்தான். இப்போதெல்லாம் உப்பு விழுந்ததும் ஒரு கரண்டி உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்கிறேன். வீட்டில் மட்டும் இன்னும் மணம்தான். இதை மகளிடம் சொன்னபோது அவள், “எங்க ரிட்ரீட் ஹவுஸ்ல டேபிள்ல எப்பவுமே உப்பும் பெப்பரும் இருக்கும்மா,” என்றாள். யாரும் கோபித்துக்கொள்வதில்லையாம். பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தியானம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தது. டீச்சர் தன் கையாலேயே ஒவ்வொரு மேஜையிலும் உப்புக் குப்பியை வைத்தார். வைத்துவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் வந்து நின்றார். மணி அடித்தது, எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் பல முகங்கள் போன தடவை வந்தவை. சோறு இன்னும் விழவில்லை. போன தடவை கடைசி நாள் சாப்பாட்டில் குரலை வைத்து நான் அடையாளம் கண்டிருந்த அந்தச் சாரம் கட்டுகிறவர் எழுந்தார். தன் மேஜையிலிருந்த உப்புக் குப்பியை எடுத்துக்கொண்டு நடந்து வந்து, எங்கள் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அடுத்த மேஜையிலிருந்து ஒருவர் கொண்டுவந்தார். பிறகு இன்னொருவர். திட்டில் குப்பிகள் வரிசையாகச் சேர்ந்தன. கடைசியாக ஒன்றைக் கமிட்டி சார் கொண்டுவந்து வைத்தார்.

டீச்சர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். கண் நிறைந்திருந்தது. குரல் மட்டும் கிசுகிசுப்பாக வந்தது.

“ஏட்டி, உப்பு பாத்தியா?”

“பாத்தேன் டீச்சர்.”

“சரியா இருக்கா?”

“சரியா இருக்கு.”

“பெறகு என்ன நின்னு பாத்துக்கிட்டிருக்க? கரண்டிய எடு.”

எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனேன். முதல் மேஜையில் அந்தச் சாரம் கட்டுகிறவர் பக்கத்தில் நின்று அவர் தட்டைப் பார்த்தேன்.